வழக்கொழிந்த வெள்ளிக்கிழமை

ஜொகூர் மாநிலத்தில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்குமான வார இறுதி விடுமுறை 2014 ஜனவரி 1 முதல் வெள்ளி, சனி என்றானது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு என்றானது. முதல் மாற்றம் சுல்தான் இப்ராஹிமின் ஆணையால் வந்தது. இரண்டாவதை, அவர் மலேசியாவின் பேரரசராகப் பதவியேற்றபின் மாநில ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த பட்டத்து இளவரசர் துங்கு இஸ்மாயில் 2024 அக்டோபர் 7 அன்று அறிவித்தார். இவற்றுக்கு முன்னும் ஒரு மாற்றம் உண்டு: 1994 வரை வெள்ளிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டிருந்த மாநிலம், அந்த ஆண்டிலிருந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் சனி, ஞாயிறு முறையைப் பின்பற்றியது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரே மாநிலத்தின் வாரம் மூன்று முறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. மனிதர்கள் இத்தகைய மாற்றங்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். சம்பளம், மாணவர் வருகை, நேர அட்டவணை, கெடுநாள் ஆகியவற்றைக் கணக்கிடும் மென்பொருள்களோ, யாரேனும் உட்கார்ந்து திருத்தும்வரை பழைய வாரத்திலேயே வாழ்கின்றன.

நிரலாளர் எழுதி, பிற நிரலாளர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவில் இருப்பது மூலநிரல். 'மாநிலம் ஜொகூர் எனில் வெள்ளியும் சனியும் விடுமுறை' என்ற பொருள் தரும் வரிகள் அந்த 11 ஆண்டுகளில் பல மென்பொருள்களின் மூலநிரலில் இடம்பிடித்திருக்க வேண்டும். 2025 பிறந்ததும் அவை வழக்கொழிந்த நிரல் ஆயின. ஒருகாலத்தில் தேவைப்பட்டு, இன்று தேவை நீங்கியபின்னும் இருந்த இடத்திலேயே தங்கிவிட்ட பகுதிக்கு அப்பெயர். இதை என்ன செய்வது என்பதற்கு, நிரல் எழுதும் குழுக்கள் தமக்குள் வகுத்துக்கொள்ளும் நடைவிதிகள் ஏறத்தாழ ஒருமித்த விடை தருகின்றன: நீக்கிவிடுக. அதே விதிகளில் வேறோரிடத்தில், பதிவுச் செய்திகளை எப்படி எழுதுவது என்ற பகுதி இருக்கும். பதிவுச் செய்தி என்பது, அலுவலகப் பேச்சில் லாக் எனப்படுவது, நிரல் இயங்கும்போது தான் என்ன செய்தது, எங்கே தடுமாறியது என்பதைத் தானே ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வரியாகும். இவ்விரண்டு விதிகளும் தொடர்பற்ற துப்புரவு வேலைகளாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் இரண்டும் ஒரே கடமையிலிருந்து பிறப்பவை: நிரல் தன்னைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. வழக்கொழிந்த வரி, நடக்காத ஒன்றை நடப்பதாகப் படிப்பவரிடம் சொல்கிறது. அக்கறையின்றி எழுதிய பதிவுச் செய்தி, நடந்த ஒன்றைச் சொல்லாமல் மழுப்புகிறது.

நீக்குதலில் நிரலாளர்களுக்கு இயல்பாகவே ஒரு தயக்கம் இருக்கிறது. அதனால் அவர்கள் பழைய வரிகளை அழிக்காமல், கணினி கண்டுகொள்ளாதபடி ஒரு குறியை அவற்றின் முன் இட்டு, அங்கேயே உறங்கவிடுகிறார்கள். பின்னொரு நாள் தேவைப்படலாம் என்பது சொல்லப்படும் காரணம். அந்த வரிகள் எதற்காக எழுதப்பட்டன என்பது யாருக்கும் தெரியாது என்பதே பெரும்பாலும் உண்மைக் காரணம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்கு அனுப்பப்படும் திருத்தங்களைச் சோதிக்கும் செக்பேட்ச் என்ற கருவி, இப்படி முடக்கி வைக்கப்பட்ட பகுதியைக் கண்டால் நீக்குமாறு எச்சரிக்கிறது. கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவிகள் ஒவ்வொரு மாற்றத்தையும் அதற்கு முந்தைய நிலையையும் சேமித்து வைப்பதால், நீக்கப்பட்ட வரி எதுவும் உண்மையில் தொலைவதில்லை. வேண்டியவர் வரலாற்றில் தேடி எடுத்துக்கொள்ளலாம். வரலாற்றின் இடம் வரலாற்றுப் பதிவே அன்றி இயங்கும் நிரல் அன்று.

ஜொகூரின் வார இறுதி விதியை அப்படியே அழித்துவிட முடியுமா என்று கேட்டால், முடியாது. 2019ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பள்ளிநாளா, விடுமுறை நாளா என்று 2027இல் ஒருவர் கேட்கக்கூடும். ஓர் ஆசிரியரின் பணிக்கால நிலுவையைக் கணக்கிடவோ, பழைய வருகைப் பதிவைச் சரிபார்க்கவோ அவ்விடை தேவைப்படும். விதியை அழித்துவிட்ட மென்பொருள் அந்நாளை விடுமுறை என்றே சொல்லும், அது தவறு. விதியை 'ஜொகூர் எனில்' என்று நிரலுக்குள் எழுதிவைத்திருக்கும் மென்பொருளோ 2025க்குப் பிந்தைய நாள்களுக்குத் தவறாகச் சொல்லும். இங்கு வழக்கொழிந்தது, ஒரு மாநிலத்தின் பழக்கத்தை என்றும் மாறாத ஒன்றாகக் கருதி நிரலில் பொறித்துவைத்த எண்ணம். விதிக்கு ஒரு தொடக்க நாளும் ஒரு முடிவு நாளும் கிடைத்திருக்கின்றன, அவ்வளவே. மாநிலம், தொடக்கம், முடிவு, ஓய்வுநாள்கள் என்ற நான்கு நெடுவரிசைகளைக் கொண்ட அட்டவணை ஒன்றில் அதை வைத்துவிட்டால், கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய, வெள்ளிக்கிழமை விடுமுறையை இன்றும் கடைப்பிடிக்கும் மாநிலங்களும் அதே அட்டவணையில் அடங்கும். நான்காவது மாற்றம் வந்தாலும் நிரலைத் தொட வேண்டியிராது. நீக்கு என்னும் விதி கேட்பது சிந்தித்துப் பிரித்தறிவதைத்தான்; கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதை அல்ல.

மலேசியாவின் பொருள் சேவை வரி இதே வகைச் சிக்கலின் இன்னொரு வடிவம். 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காடாக அறிமுகமாகி, 2018 ஜூன் 1 அன்று சுழியமாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை சேவை வரிக்கு இடம்விட்டு மறைந்த அந்த வரிக்காக, மளிகைக்கடைக் கணக்கு மென்பொருள் வரை எல்லாமே திருத்தி எழுதப்பட்டன. மூன்றரை ஆண்டுகூட நிலைக்காத ஒரு சட்டத்துக்கு இத்தனை வரிகள் எழுதப்பட்டதை நினைத்தால் நிரலாளர்மேல் இரக்கம் வருகிறது. ஆனால் வரி ஆவணங்களை ஏழாண்டு பேண வேண்டும் என்று சட்டம் சொன்னதால், வரி போனபின்னும் அதன் பழைய பட்டியல்களைத் திறந்து காட்டும் நிரல் 2025 வரை தேவைப்பட்டது. புதிய பட்டியலில் வரியைக் கணக்கிடும் பகுதி 2018லேயே இறந்துவிட்டது; பழைய பட்டியலைப் படித்துக் காட்டும் பகுதி உயிரோடு இருந்தது. இவ்விரண்டையும் பிரிக்காமல் ஒன்றாக எழுதியிருந்த மென்பொருளில், எதை நீக்கலாம் என்று சொல்லவே யாராலும் இயலாது.

நீக்காமல் விடுவதன் விலை எவ்வளவு என்பதற்கு உலகறிந்த சான்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கிறது. நைட் கேபிடல் என்ற பங்கு வணிக நிறுவனம் பவர் பெக் என்ற ஒரு வசதியைத் தன் மென்பொருளில் வைத்திருந்து, 2003இல் அதன் பயன்பாட்டை நிறுத்தியது. ஆனால் அதன் நிரலை நீக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் கேட்ட பங்குகள் முழுவதும் வாங்கி முடிந்ததா என்று எண்ணிப் பார்த்து, முடிந்ததும் அந்த வசதியை நிறுத்தும் ஒரு பகுதி இருந்தது; 2005இல் அப்பகுதி வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. பவர் பெக்கை யாரும் பயன்படுத்தாததால், மாற்றத்துக்குப்பின் அது சரியாக நிற்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. ஏழாண்டு கழித்து, நியூயார்க் பங்குச் சந்தை தொடங்கவிருந்த ஒரு புதிய திட்டத்துக்காக எழுதப்பட்ட நிரல், பவர் பெக்கை இயக்குவதற்கென முன்பு ஒதுக்கப்பட்டிருந்த அதே அடையாளக் குறியை எடுத்துக்கொண்டது. புதிய நிரலை எட்டுச் சர்வர்களில் நிறுவ வேண்டியிருந்தது. நிறுவிய ஊழியர் ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாமவர் யாரும் அமர்த்தப்படவில்லை.

2012 ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், ஏழு சர்வர்கள் அக்குறியைப் புதிய பொருளிலும், எட்டாவது சர்வர் பழைய பொருளிலும் புரிந்துகொண்டன. வாங்கி முடித்தாயிற்று என்பதை அறிய வழியில்லாத பவர் பெக் வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த 212 ஆணைகளுக்காக, ஏறத்தாழ 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் 39 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான பரிமாற்றங்கள் நடந்துவிட்டன. கோளாற்றைச் சரிசெய்ய முயன்றவர்கள், ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை அகற்றினார்கள். அதனால் அவற்றிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது. நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அடுத்த ஆண்டே வேறொரு நிறுவனத்துடன் இணைந்து தன் தனி இருப்பை முடித்துக்கொண்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் டாலர் தண்டம் விதித்து வெளியிட்ட ஆணையில் இவ்விவரங்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் இருக்கின்றன.

அந்த ஆணையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. சந்தை திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே, காலை 8.01 அளவில் தொடங்கி, நிறுவனத்தின் அமைப்பு தானாகவே 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவற்றில் பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது என்ற பிழைச்செய்தி இருந்தது. செய்தி பொய் அன்று, மறைக்கப்பட்டதும் அன்று. ஆனால் அதைப் படித்து உடனே ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு அச்செய்திகள் வடிவமைக்கப்படவில்லை. ஊழியர்களுக்கும் அவற்றைப் பார்க்கும் வழக்கம் இல்லை. ஒன்பதாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற வசதியின் பெயர் இன்று ஏன் வருகிறது என்று ஒருவர் நின்று யோசித்திருந்தால் போதுமாயிருந்தது. வழக்கொழிந்த நிரலும் கேட்பாரற்ற பதிவுச் செய்தியும் ஒரே காலைப்பொழுதில் கைகோத்து ஒரு நிறுவனத்தை வீழ்த்திய இந்நிகழ்வு, இரண்டு விதிகளையும் தனித்தனியாகக் கற்பிப்பவர்கள் மாணவர்களுக்குக் காட்ட வேண்டியது.

பதிவுச் செய்தியும் ஓர் உரைநடைதான். அதற்கும் நடை உண்டு. லினக்ஸ் கருநிரலின் நடைவிதி இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது: கருநிரல் எழுதுவோர் கல்வியறிவுள்ளவர்களாகத் தோன்றவே விரும்புகிறார்கள், ஆகவே செய்திகளில் எழுத்துப்பிழை கூடாது என்கிறது, செய்தி சுருக்கமாகவும் தெளிவாகவும் இருபொருளுக்கு இடமற்றும் இருக்க வேண்டும், இறுதியில் முற்றுப்புள்ளி தேவையில்லை, எண்களை அடைப்புக்குள் இடுவதால் பயனில்லை என்றும் சொல்கிறது. எந்தக் கருவி தொடர்பான செய்தியோ அக்கருவியின் பெயரைத் தானாகவே முன்னே சேர்க்கும் வழிகளைப் பயன்படுத்தச் சொல்கிறது. சரியாக இயங்கும் நிரல் வாய்திறக்கக்கூடாது என்பது அதன் பராமரிப்பாளர்கள் அடிக்கடி வலியுறுத்துவது. எல்லாம் நலம் என்று நொடிக்கொரு முறை அறிவிக்கும் நிரல், நலமில்லை என்று ஒருமுறை சொல்லும் செய்தியை அந்த இரைச்சலில் மூழ்கடித்துவிடும். 1980களில் எரிக் ஆல்மன் வகுத்த சிஸ்லாக் முறை, நெருக்கடி முதல் பிழைதேடல் குறிப்பு வரை எட்டுத் தீவிர நிலைகளைப் பிரித்தது இதற்காகவே. ஆனால் எல்லாவற்றையும் 'பிழை' என்ற நிலையிலேயே எழுதும் குழுவுக்கு எட்டு நிலைகளும் ஒன்றுதான்.

ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் கிராணிமார் எனப்பட்ட எழுத்தர்கள் எழுதிய செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புத்தகம் நல்ல பதிவுச் செய்தியின் இலக்கணத்தை அறிந்திருந்தது. பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து ஆட்கள் வேலைக்குச் சென்றபின், நாள், பெயர், வேலை, அளவு ஆகியவை அதில் ஏறும். அடைமொழிக்கு அங்கு இடமில்லை. 'ஏதோ தவறு நேர்ந்தது' என்று எழுதும் நிரல், 'சிலர் வந்தார்கள்' என்று எழுதிய கிராணிக்குச் சமம். 'கட்டணக் கோப்பைத் திறக்க முடியவில்லை, கோப்பின் பெயர் இது, அனுமதி மறுக்கப்பட்டது, மூன்றாவது முயற்சி' என்று எழுதுவதே படிப்பவருக்குப் பயன்படும். செய்தியைப் படிக்கப்போகிறவர் அதை எழுதியவர் அல்லர், பெரும்பாலும் நள்ளிரவில் அழைத்து எழுப்பப்பட்ட வேறொருவர் என்பதை மனத்தில் நிறுத்தினால், பாதி விதிகள் தாமே விளங்கிவிடும்.

செய்தியில் நேரம் எப்படி எழுதப்படுகிறது என்பது சிறிய செய்தியாகத் தோன்றினும் மலேசியாவில் அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1933இல் இருபது நிமிடம் முன்னே சென்றது. 1941 செப்டம்பரில் உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முந்தியதானது. ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரமான ஒன்பது மணியைச் சுமந்தது. போர் முடிந்ததும் ஏழரைக்குத் திரும்பியது. 1982 பிறந்தபோது சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றுபட எட்டு மணிக்கு நகர்ந்தது. சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது. உலகெங்கும் கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில், 1970க்குப்பின் இரு நகரங்களின் கடிகாரமும் ஒன்றே என்பதால், 2022 ஆகஸ்ட்டில் வந்த பதிப்பில் கோலாலம்பூரின் தனிப் பதிவு நீக்கப்பட்டு, அப்பெயர் சிங்கப்பூரின் பதிவைச் சுட்டும் மாற்றுப்பெயராக்கப்பட்டது. பழைய விவரம் தனிக் கோப்பொன்றில் பேணப்படுகிறது. பழைய பெயரை எழுதிய நிரல் எதுவும் உடையவில்லை. ஒரு நாட்டின் தலைநகர் அண்டைநாட்டின் நிழல் பெயரானதில் தேசியப் பெருமிதம் உடையவர்களுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் இரட்டிப்பை நீக்கி, பெயரைக் காத்து, வரலாற்றைப் பிரித்துவைத்த அந்தத் திருத்தம், வழக்கொழிந்ததைக் கையாளும் கலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பதிவுச் செய்தியைப் பொறுத்தவரை விதி எளிது: உலகப் பொது நேரத்தில் எழுதுக, அல்லது எத்தனை மணி நேரம் முந்தியது என்பதையும் சேர்த்து எழுதுக. ஜொகூரிலும் சென்னையிலும் இரண்டரை மணி நேர இடைவெளியில் இருப்பவர்கள் ஒரே சர்வரின் கோப்பைப் படிக்கும்போது, வெறும் '08:15' யாருடைய காலை என்று தெரியாது.

எதை எழுதக்கூடாது என்பதும் நடைவிதியின் பகுதி. மைகாட் எனப்படும் மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த நாள், அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்துக்குரியவை. ஜொகூருக்கு 01, 21, 22, 23, 24 ஆகியவை. இறுதி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது பாலினத்தைச் சொல்லும். அடையாள எண்ணை அப்படியே பதிவுக்கோப்பில் எழுதும் நிரல், ஒருவரின் வயதையும் பிறப்பிடத்தையும் பாலினத்தையும் அங்கு வேலை செய்யும் எவருக்கும் திறந்து காட்டிவிடுகிறது. 2018 மே மாதத்தில் டுவிட்டர் நிறுவனம், கடவுச்சொற்கள் மறையாக்கப்படாமல் தன் உள் பதிவுக்கோப்பில் எழுதப்பட்டுவிட்டன என்பதைக் கண்டு, 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. மலேசியாவின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2024இல் திருத்தப்பட்டபின், தரவுக் கசிவை அறிவிப்பது 2025 ஜூன் முதல் கட்டாயமாகியிருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சியாவது இவ்விதியைப் பின்பற்றுவார்கள் என்று நம்பலாம்.

ஆனால் அளவோடு எழுதுக என்ற அறிவுரையும் எல்லையுடையதே. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்டு மறைந்த எம்எச்370 விமானத்தின் பிந்தைய பாதையைப் பற்றி உலகம் அறிந்தது பெரும்பாலும், இன்மர்சாட் செயற்கைக்கோள் நிறுவனத்தின் பெர்த் தரைநிலையத்தில் எழுதப்பட்டிருந்த பதிவு வரிகளிலிருந்துதான். ராணுவ ராடார் திரையில் அவ்விமானம் கடைசியாகத் தென்பட்டது மலேசிய நேரம் அதிகாலை 2.22, செயற்கைக்கோளுடன் அது பரிமாறிய இறுதிச் சைகைகள் காலை 8.19இல். விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காக அச்சைகைகள் ஏற்பட்டவை அல்ல. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்க மட்டுமே. சைகை சென்று திரும்ப எடுத்த நேரத்தையும் பதிந்துவைக்கும் வழக்கமோ, 2009இல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தபின் சேர்க்கப்பட்டது. ஒரு பேரிடர் கற்பித்ததால் கூடுதலாக எழுதப்பட்ட ஓர் எண், ஐந்தாண்டு கழித்து இன்னொரு பேரிடரின் ஏறத்தாழ ஒரே சாட்சியானது. இதிலிருந்து எல்லாவற்றையும் பதிந்துவை என்ற முடிவுக்கு வருவது பிழை. சொற்களைக் குறைக்கலாம், அளவைகளைக் குறைக்கத் தயங்க வேண்டும் என்பதே பொருத்தமான பாடம்.

பதிவுக்கோப்புகள் எடையற்ற பொருள்கள் அல்ல என்பதை ஜொகூர்வாசிகள் பிற மாநிலத்தவரைவிட நன்கு அறிவார்கள். கூலாயில் வொய்டிஎல் குழுமத்தின் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கும் நிலம், கூலாய் யங் என்ற பெயருடைய செம்பனைத் தோட்டமாக இருந்தது. ஏறத்தாழ 660 ஹெக்டேர். செடெனாக்கிலும் நூசஜெயாவிலும் இதே காட்சி. மின்சாரத்தையும் நீரையும் இம்மையங்கள் உறிஞ்சும் அளவைக் கண்ட மாநில அரசு, 2024இல் தனிக் குழு அமைத்து, வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பியது. யாரும் படிக்காத பதிவு வரி ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வட்டில் இடம்பிடித்து, குளிரூட்டப்படுகிறது. நடைவிதியை அழகியலாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இது ஓர் எதிர்வாதம்.

நீக்குதலுக்கும் ஒரு செய்தி வேண்டும். கிட் கருவியில் மாற்றத்தைச் சேர்க்கும்போது எழுதும் குறிப்பு, இயங்கும் நிரல் எழுதும் செய்தியைப் போலவே படிக்கப்போகிறவரை முன்னிறுத்தி எழுதப்பட வேண்டியது. லினக்ஸ் குழு அதைக் கட்டளைத் தொனியில் எழுதச் சொல்கிறது. என்ன மாறியது என்பதை மாற்றமே காட்டிவிடும் ஆதலால், ஏன் மாறியது என்பதைச் சொல்லக் கேட்கிறது. 2012 டிசம்பரில் இங்கோ மோல்னார் இன்டெல் 386 செயலிக்கான ஆதரவை நீக்கும் திருத்தத்தை அனுப்பியபோது, அதைத் தக்கவைத்ததால் பல ஆண்டுகளாகக் கூடுதல் வேலை ஏற்பட்டுவந்தது என்பதை விளக்கினார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது அந்தச் செயலியில்தான். அவரோ சற்றும் உணர்ச்சிவசப்படாமல் அதை வழியனுப்பிவைத்தார். தான் பிறந்த வீட்டையே தேவை முடிந்ததும் இடிக்கத் துணியும் குழுவே முப்பதாண்டுக்கு மேல் நிலைக்கிறது. 'பழைய நிரல் நீக்கப்பட்டது' என்று மட்டும் குறிப்பெழுதும் குழு, அடுத்த தலைமுறையைத் தேடலுக்கு அனுப்புகிறது.

பழையதைப் பாதுகாப்பதன் ஆபத்தை இன்னொரு முறை நினைவூட்டியது லாக்4ஜே நிகழ்வு. பதிவுச் செய்தி எழுதுவதற்கென்றே அமைந்த அந்த நிரல் தொகுப்பில், செய்திக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால் அங்கு சென்று தகவலை எடுத்துவரும் ஒரு வசதி 2013இல் சேர்ந்தது. பலர் அதைப் பயன்படுத்தவில்லை, ஆனால் இருந்த பயனர்களுக்காக அது விட்டுவைக்கப்பட்டது. 2021 டிசம்பரில் அவ்வசதியின் வழியே யாரும் பிறர் சர்வரில் தம் நிரலை ஓட்டலாம் என்பது வெளிவந்ததும், உலகெங்கும் பொறியாளர்கள் வார இறுதியை இழந்தார்கள். எழுதுவதற்கு மட்டும் கடமைப்பட்ட ஒன்று, எழுதியதைச் செயல்படுத்தவும் முனைந்ததே கோளாறு.

வழக்கொழிந்த நிரலின் கேள்வி தமிழரை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. 1980களில் முத்து நெடுமாறன் மலேசியாவில் உருவாக்கிய முரசு, பின்னர் முரசு அஞ்சல் எனப் பரவிய காலத்திலும் அதன்பின்னும், தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்கப் பல குறியாக்கங்கள் போட்டியிட்டன. தஸ்கி, டாம், டாப் ஆகியவை அவற்றுள் சில. யுனிகோடு வந்தபின் எல்லாம் வழக்கொழிந்தன. ஆயினும் லினக்ஸ் சர்வர்கள் பெரும்பாலும் நம்பியிருக்கும் குனூ சி நூலகத்தில், தஸ்கியில் எழுதிய உரையை யுனிகோடாக மாற்றும் சிறு நிரல் இன்றும் இருக்கிறது. ஜொகூரின் தரவு மையங்களிலும் அதை எதிர்பார்க்கலாம். அதே அடுக்கில் இருக்கும், யாரும் பெரிதாகப் பயன்படுத்தாத ஒரு சீனக் குறியாக்க மாற்றியில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று 2024 ஏப்ரலில் வெளிப்பட்டது. அது ஏறத்தாழ கால் நூற்றாண்டாக அங்கேயே இருந்திருந்தது. இத்தகைய பழைய மாற்றிகள் தேவையா என்ற கேள்வி இதனால் கூர்மையாகும். தஸ்கிக்காக வாதாட வருபவர் மிகச் சிலராகவே இருப்பர். கோயில் நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிகள், இலக்கிய அமைப்புகள், பழைய இதழ்களை நடத்தியவர்கள் ஆகியோரின் கணினிகளில் 1990களின் கோப்புகள் அக்குறியாக்கங்களில் இன்றும் உறங்குமானால், அவற்றைத் திறக்கும் நிரல்கள் நீக்கப்படுவதற்கு முன்பே யுனிகோடுக்கு மாற்றி, எந்தக் குறியாக்கத்திலிருந்து எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு வரியும் எழுதிவைத்துவிட வேண்டும்.